ஃபுல் சஸ்பென்ஷன் மலைச் சைக்கிளை நாமே கோப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவையில் என் வீட்டுக் கார் ஷெட்டில் நிற்கும், நானே கோத்த ஃபுல் சஸ்பென்ஷன் வண்டியை (முன், பின் இரண்டு சக்கரமும் அதிர்வு தாங்கி அசையும் வகை) பார்த்துவிட்டு நண்பர்களும், நண்பர்களின் நண்பர்களும் கேட்ட கேள்விகள் இவை. பதில்களில் வரும் எண்கள் எல்லாம் அந்த ஒரு வண்டியை வைத்துச் சொல்பவை: 29 அங்குலச் சக்கரம், அலுமினிய ஃபிரேம், பின்பக்கம் 140 மி.மீ. அசைவு, அதைத் தாங்க 210×55 அளவுள்ள ஏர் ஷாக் (காற்றால் வேலை செய்யும் ஸ்பிரிங்), முன்சக்கரத்தைப் பிடிக்க 150 மி.மீ. அசையும் ஃபோர்க். என் எடை 72 கிலோ. ஹெல்மெட், தண்ணீர், முதுகுப்பை சேர்ந்தால் 76. உங்கள் எண்கள் வேறாக இருக்கும், கணக்குப் போடும் வழி மாறாது.

முழு வண்டியாக வாங்குவதைவிட இது மலிவா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரக்கணக்கில் வாங்கும் விலைக்கு ஒற்றைக் கேசட்டை (பின்சக்கரத்துப் பல் அடுக்கை) நமக்கு யாரும் தரமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைத்தால் சுங்க வரி, ஜி.எஸ்.டி., கூரியர் வேறு. நல்ல சக்கரமும் பிரேக்கும் ஏற்கெனவே கையில் இருந்து ஃபிரேமை மட்டும் மாற்றுகிறீர்கள் என்றால் கோப்பதில் அர்த்தம் இருக்கிறது. கடை அளவுகள் உடம்புக்குப் பொருந்தாதவர்களுக்கும் அப்படியே. மற்றவர்களுக்கு இது ஆசைக்குச் செய்வது. ஆசை தப்பில்லை, அதற்கு மலிவு என்று பெயர் வைக்காமல் இருந்தால் சரி.

சாதாரண கியர் சைக்கிளை நானே கழற்றிப் பூட்டியிருக்கிறேன். இதில் புதிதாக என்ன?

சாதாரண சைக்கிளுக்கு ஒரே வடிவம். இதற்கு மூன்று. ஸ்டாண்டில் தொங்கும்போது ஒன்று, ஆள் ஏறியதும் சற்றுத் தொய்ந்து ஒன்று, பள்ளத்தில் விழுந்து ஷாக் கடைசிவரை அமுங்கும்போது இன்னொன்று. பெரும்பாலான ஃபிரேம்களில் பின் ஆக்சிலுக்கும் பெடல் அச்சுக்கும் இடையே உள்ள தூரம் அமுங்க அமுங்கக் கூடும். ஸ்டாண்டில் பார்த்து அளவெடுத்த செயின் அமுங்கும்போது போதாமல் போகலாம். பிரேக் ஹோஸ் இழுபடலாம். டயர் சீட்டில் போய் உரசலாம். முதல் முறை கோப்பவர்கள் செய்யும் தவறுகளில் பாதி, தொங்கும் வடிவத்தை மட்டும் பார்த்து வேலையை முடித்துவிடுவதால் வருபவை.

அதனால் என் பழக்கம் இது: ஷாக்கில் காற்றே இல்லாமல்தான் வண்டியைக் கோப்பேன். அப்போது பின்பக்கத்தைக் கையால் தூக்கிக் கடைசிவரை அமுக்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு பாகம் ஏறியதும் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பது. சுருள் ஸ்பிரிங் ஷாக் என்றால் ஸ்பிரிங்கைக் கழற்றிவிட்டு இதையே செய்யலாம்.

எந்தப் பாகம் எதனுடன் பொருந்தும் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பணம் வீணாவது இங்கேதான், ஆர்டர் போடும்முன் ஒரு நாள் ஒதுக்குங்கள். ஃபிரேம் தயாரிப்பாளர் தரும் அளவுப் பட்டியலை அச்செடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள்.

ஹப் அகலம் இப்போது பெரும்பாலும் பூஸ்ட் எனப்படும் அளவுதான்: பின்னால் 148 மி.மீ. அகலம், 12 மி.மீ. ஆக்சில், முன்னால் 110-உம் 15-உம். சூப்பர் பூஸ்ட் என்ற 157 அகலமும் உண்டு, ஒன்றுக்கு வாங்கிய சக்கரம் மற்றதில் ஏறாது. சீட் போஸ்ட் 30.9, 31.6, 34.9 என்று மூன்று விட்டங்களில் வருகிறது. 30.9-க்கும் 31.6-க்கும் வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, உள்ளே விடும்போது தெரியும். கேசட் வாங்கும்முன் ஹப்பின் ஃப்ரீஹப் (கேசட் ஏறி உட்காரும் பகுதி) எந்த வகை என்று பாருங்கள். கியர், பிரேக் செய்யும் பெரிய நிறுவனங்கள் ஷிமானோவும் ஸ்ராமும். ஷிமானோவின் 10-51 கேசட்டுக்கு (சின்னதில் 10 பல், பெரியதில் 51) மைக்ரோ ஸ்ப்லைன் வேண்டும், ஸ்ராமின் 10-52-க்கு எக்ஸ்.டி. வேண்டும், பழைய ஹெச்.ஜி. ஃப்ரீஹப்பில் இரண்டுமே உட்காராது.

ஷாக்கில் இரண்டு எண்கள். 210×55 என்றால் கண்ணுக்குக் கண் 210 மி.மீ., உள்ளே போகும் நீளம் 55 மி.மீ. இந்த முழு மில்லிமீட்டர் அளவுகள் 2016-இல் வந்தவை. அதற்கு முந்தைய ஃபிரேம்கள் அங்குலக் கணக்கில் செய்யப்பட்டவை. 200×57 ஷாக்கை எடுத்துவிட்டு 210×55-ஐத் திணிக்க முடியாது. இரண்டு முனையிலும் வரும் புஷ், ஸ்பேசர் அளவு ஃபிரேமுக்கு ஃபிரேம் மாறும். எனக்கு வந்த ஸ்பேசர் ஒரு பக்கம் அரை மி.மீ. தடிப்பாக இருந்தது. இந்த ஊரில் லேத் பட்டறைக்கா பஞ்சம்? பக்கத்துத் தெருவில் கொடுத்து டீ குடித்து வருவதற்குள் தேய்த்துக் கொடுத்துவிட்டார்கள்.

பிரேக் டிஸ்க்கில் ஒரு சின்னக் கண்ணி இருக்கிறது. ஸ்ராம் பெரிய டிஸ்க் 200 மி.மீ., ஷிமானோவுடையது 203. ஒன்றின் அடாப்டரில் மற்றதைப் பூட்டினால் பேட் ஒன்றரை மி.மீ. தள்ளி உட்காரும். பிரேக் பிடிக்கத்தான் செய்யும், பேட் கோணலாகத் தேயும்.

ஃபோர்க்கைச் சொன்ன அளவைவிட நீளமாகப் போடலாமா?

பத்து மி.மீ. வரை பெரும்பாலான தயாரிப்பாளர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், பட்டியலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோர்க் 20 மி.மீ. நீண்டால் தலைக் கோணம் (ஃபோர்க் சாய்ந்திருக்கும் கோணம்) ஏறக்குறைய ஒரு பாகை சாயும், பெடல் அச்சும் உயரும். இறக்கத்தில் தைரியம் கூடும், ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும். என் ஃபிரேமுக்குச் சொன்னது 140, போட்டிருப்பது 150. அதற்கு மேல் போயிருந்தால் ஏற்றத்தில் வருந்தியிருப்பேன்.

ஹார்ஸ்ட் லிங்க், வி.பி.பி., சிங்கிள் பிவட்: எது உசத்தி?

மூன்றும் பின்சக்கரத்தை ஃபிரேமுடன் இணைக்கும் மூட்டு அமைப்புகளின் பெயர்கள். ஹார்ஸ்ட் லிங்க் என்பது ஹார்ஸ்ட் லைட்னர் என்பவரின் யோசனை, பின் ஆக்சிலுக்கு முன்னால் செயின் ஸ்டேயில் (பெடல் அச்சுப் பக்கமிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் குழாயில்) ஒரு மூட்டு வைப்பது. அந்தக் காப்புரிமை ஸ்பெஷலைஸ்டு நிறுவனத்தின் கையில் வெகுநாள் இருந்ததால் மற்றவர்கள் வேறு வழி தேடினார்கள். இன்று இருக்கும் பெயர்க் குவியலில் ஒரு பகுதிக்குக் காரணம் வக்கீல்கள். முதல் வண்டி கோப்பவருக்கு என் அறிவுரை: மூட்டுகள் குறைவாக, பேரிங் அளவு கடையில் கிடைப்பதாக உள்ள ஃபிரேமை எடுங்கள்.

எதிலிருந்து தொடங்குவது?

ஹெட்செட் (ஹேண்டில்பார் திரும்பும் பேரிங்), பாட்டம் பிராக்கெட் (பெடல் அச்சின் பேரிங்), பிறகு ஃபோர்க், ஷாக், சக்கரம், கிராங்க், பிரேக், கியர் என்பது என் வரிசை. ஹெட்செட் கப்பை அழுத்தி ஏற்ற விலை உயர்ந்த பிரஸ் தேவையில்லை. ஹார்டுவேர் கடையில் ஒரு அடி திரெட் ராட், இரண்டு நட்டு, அகலமான வாஷர் நாலு வாங்கினால் போதும். ஒவ்வொரு கப்பாக ஏற்றுங்கள், கோணினால் உடனே நிறுத்தி வெளியே எடுங்கள். சுத்தியல் வேண்டாம்.

பாட்டம் பிராக்கெட் மரை போட்டதாக இருந்தால் சந்தோஷப்படுங்கள். அந்த மரைக்கு பி.எஸ்.ஏ. என்று பெயர், பர்மிங்ஹாம் ஸ்மால் ஆர்ம்ஸ் கம்பெனியிடமிருந்து வந்தது. நாம் பள்ளிக்கு ஓட்டிப்போன பி.எஸ்.ஏ. சைக்கிளின் பெயரும் அங்கிருந்து வந்ததுதான். செயின் பக்கத்துக் கப் இடஞ்சுழி மரை. அதாவது இறுக்க இடப்பக்கம் சுற்ற வேண்டும். இது தெரிந்தும், இரவு பதினொரு மணிக்குத் தூக்கக் கலக்கத்தில் எதிர்ப்பக்கம் சுற்றி முதல் இரண்டு மரையை நசுக்கியவன் நான். டேப் போட்டு மரையைச் சீர்படுத்த ஒரு வாரம் போயிற்று.

ஃபோர்க் குழாயை வெட்டும்முன் ஸ்டெம்முக்கு (ஹேண்டில்பாரைப் பிடிக்கும் துண்டுக்கு) மேலும் கீழும் ஸ்பேசர் வைத்து ஒரு மாதம் ஓட்டுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது.

செயின் நீளத்தை எப்படி அளப்பது?

காற்றில்லாத ஷாக்குக்கு முதல் பயன் இங்கே. செயினைப் பெடல் பக்கத்துப் பல்சக்கரத்திலும் பின்னால் பெரிய பல்லிலும் சுற்றுங்கள், கியர் மாற்றி வழியாக விட வேண்டாம் (கடைகளில் இதை ஆர்.டி. என்பார்கள்). பிறகு நண்பரைக் கொண்டு பின்பக்கத்தை அமுக்கச் சொல்லி, ஆக்சில் மிகத் தொலைவாகப் போகும் இடத்தில் நிறுத்தி, இரு முனையும் சந்திக்கும் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் எத்தனை கண்ணி என்பது ஆர்.டி.யைப் பொறுத்தது. ஸ்ராமின் ஈகிள் வகை கியருக்கு ஒரு வெளிக்கண்ணி, ஒரு உள்கண்ணி. ஷிமானோ கணக்கு வேறு, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டாண்டில் தொங்கவிட்டு அளந்து வெட்டினால், பெரிய பல்லில் இருக்கும்போது ஒரு பாறையில் மோதி ஷாக் முழுக்க அமுங்கும் அந்த ஒரு நாளில் ஆர்.டி. பிய்ந்துகொண்டு வரும்.

ஆர்.டி.யின் மேல் உருளைக்கும் பெரிய பல்லுக்கும் உள்ள இடைவெளியைப் பி-ஸ்க்ரூவால் வைக்கிறோம் அல்லவா? அதை வைக்க வேண்டியது இரண்டாம் வடிவத்தில், அதாவது ஆள் உட்கார்ந்த நிலையில். கியர் எத்தனை தடவை திருகினாலும் மேலே ஏறத் தயங்குகிறது என்று வந்த வண்டிகள் சிலவற்றில் நான் செய்ததெல்லாம் உரிமையாளரைச் சீட்டில் உட்காரவைத்து பி-ஸ்க்ரூவைத் திருப்பியதுதான்.

ஆர்.டி. ஹேங்கர் வளைந்தால் கிடைக்குமா?

2019-இல் ஸ்ராம் கொண்டுவந்த யு.டி.ஹெச். வகை ஹேங்கர் (ஆர்.டி.யை ஃபிரேமில் பிடித்திருக்கும் துண்டு) ஏறும் ஃபிரேமாகப் பாருங்கள். பல நிறுவன ஃபிரேம்களுக்கும் அந்த ஒரே துண்டு பொருந்தும். ஒன்றை முதுகுப்பையில் போட்டுவைத்துக்கொள்ளலாம்.

பிரேக் ஹோஸை வெட்டும் நீளம்?

ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, பின்பக்கத்தைக் கடைசிவரை அமுக்கி, இந்த இரண்டிலும் ஹோஸ் இழுபடாத நீளம். சில ஃபிரேம்களில் அமுங்கும்போது ஹோஸ் தளர்ந்து வளைந்து டயர் பக்கம் போகும், அதையும் பாருங்கள். ஃபிரேமுக்குள் ஹோஸ் விடுவதற்கு ஒரு வழி: தையல் நூலின் முனையில் பஞ்சு கட்டி ஒரு துளையில் வைத்து, மறு துளையில் வாக்குவம் கிளீனரை வையுங்கள். நூல் வந்துவிடும், நூலில் கேபிளைக் கட்டி இழுங்கள்.

பிரேக் எண்ணெய் விஷயத்தில் விளையாட்டே கூடாது. ஷிமானோவுக்கு மினரல் ஆயில். ஸ்ராமின் பெரும்பாலான மாடல்களுக்கு டாட் 5.1 என்ற பிரேக் ஃப்ளூயிட், புதிய சிலவற்றுக்கு மினரல் ஆயில். லீவரின் மூடியில் எழுதியிருக்கும். மாற்றி ஊற்றினால் உள்ளே ரப்பர் சீல்கள் ஊதிப்போகும்.

டார்க் ரெஞ்ச் (இறுக்கத்தை அளந்து காட்டும் ஸ்பேனர்) கட்டாயமா? கையில் இறுக்கிப் பழகியவன் நான்.

கட்டாயம். ஸ்டெம் போல்ட் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், ஷிமானோ கிராங்க்கின் பக்கவாட்டு போல்ட் 12 முதல் 14, கேசட் மூடி 40. இதில் 5-ஐக் கையால் உணர்கிறேன் என்பவரை நான் நம்புவதில்லை. மூட்டு போல்ட்களின் அளவு ஃபிரேம் பட்டியலில் இருக்கும். அவற்றுக்கு நீல லாக்டைட் (மரை தளராமல் பிடிக்கும் பசை) ஒரு சொட்டு போதும், முதல் மூன்று சவாரிக்குப் பின் ஒரு தடவை சோதியுங்கள்.

டியூப்லெஸ் டயர் ரிம்மில் உட்கார மாட்டேன் என்கிறது.

கைப்பம்பால் பெரும்பாலும் முடியாது, ஒரே மூச்சில் நிறையக் காற்று போக வேண்டும். வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு, ஓரத்தில் சோப்பு நீர் தடவி, பஞ்சர் கடைக் கம்ப்ரஸரில் பிடியுங்கள். பிரெஸ்டா என்ற மெல்லிய வால்வுக்கான பித்தளை அடாப்டரை நீங்கள்தான் கொண்டுபோக வேண்டும். லாரி டயருக்கு அடிக்கும் அண்ணனிடம் முன்கூட்டியே சொல்லிவைத்து, மீட்டரில் கண்ணை வைத்திருங்கள். ரிம்மில் எழுதியுள்ள உச்ச அளவைத் தாண்டினால் டயர் கழன்று வெடிக்கும். டயர் உட்கார்ந்த பிறகு 29×2.4 டயருக்கு 100 மி.லி. சீலன்ட் (ஓட்டையை உள்ளிருந்து அடைக்கும் திரவம்). நம் வெயிலில் அது வேகமாக உலரும், மாதம் ஒரு தடவை சக்கரத்தைக் காதருகே ஆட்டிப் பாருங்கள். சத்தம் இல்லையென்றால் காய்ந்துவிட்டது. நான் முன்னால் 22 பிஎஸ்ஐ, பின்னால் 25-இல் தொடங்கினேன்.

ஷாக்கில் எவ்வளவு காற்று அடிப்பது?

பிஎஸ்ஐ எண்ணை யாரிடமும் கேட்காதீர்கள். ஒரே எடையுள்ள இருவருக்கு இரு ஃபிரேம்களில் அது வேறு வேறு. அளக்க வேண்டியது தொய்வை, ஆங்கிலத்தில் சேக் என்பார்களே, அதை. பின்னால், ஷாக் உள்ளே போகும் நீளத்தில் 30 சதவீதம் வரை வைக்கலாம். 55-இல் அது 16.5 மி.மீ. முன்னால் 20 சதவீதம். 150-இல் 30 மி.மீ.

முழுச் சவாரி உடையுடன், பையில் தண்ணீருடன் செய்யுங்கள். ஷாக்கில் கொஞ்சம் அடித்ததும் பின்பக்கத்தைப் பத்துத் தடவை மெதுவாக அமுக்கி விடுங்கள். உள்ளே மேல் அறை, எதிர் அறை என்று இரண்டு இருக்கின்றன. அமுக்கினால்தான் காற்று இரண்டுக்கும் சமமாகப் போகும். இதைச் செய்யாமல் 150 அடித்துவிட்டு, அடுத்த நாள் காற்றுப் போய்விட்டது என்று ஷாக்கைக் குறை சொல்பவர்கள் அதிகம். பிறகு சுவரில் முழங்கையை ஊன்றி, இரண்டு பெடலிலும் நின்று, இறக்கத்தில் நிற்பதுபோல் உடம்பை வளைத்து லேசாக இரண்டு குலுக்கு. ஷாக் தண்டில் இருக்கும் ரப்பர் வளையத்தை (ஓ-ரிங்) அடிவரை தள்ளிவிட்டு, அசையாமல் இறங்கி, அது எங்கே நிற்கிறது என்று அளவுகோலால் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து அளந்தால் எடை பின்னால் போய்விடும், எண் பொய் சொல்லும்.

பம்பைக் கழற்றும்போது புஸ்ஸென்று காற்றுப் போகிறதே?

அது பம்பின் குழாயில் இருந்த காற்று. மறுபடி மாட்டும்போது மீட்டர் குறைத்துக் காட்டுவதும் அதனால்தான், ஷாக்கின் காற்று குழாயை நிரப்பப் போகிறது.

சுருள் ஸ்பிரிங் ஷாக்குக்கு எந்த எண் ஸ்பிரிங்?

என் வண்டியை வைத்தே கணக்கு. 140-ஐ 55-ஆல் வகுத்தால் 2.55, பின்சக்கரத்தில் விழும் பாரம் ஷாக்கில் சராசரியாக இத்தனை மடங்காக வந்து சேருகிறது. 76 கிலோவில் 65 சதவீதம் பின்னால் என்றால் 49 கிலோ, அதாவது 109 பவுண்டு. 2.55-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 277. தொய்வு 16.5 மி.மீ. என்பது 0.65 அங்குலம். 277-ஐ அதால் வகுத்தால் 426. ஆக 425 ஸ்பிரிங், அதாவது ஒரு அங்குலம் அமுங்க 425 பவுண்டு கேட்பது. பல ஃபிரேம்களில் தொடக்கத்தில் இந்த மடங்கு சராசரியைவிடக் கூடுதல், அதனால் இரண்டு எண்ணுக்கு நடுவே மாட்டிக்கொண்டால் கெட்டியானதை வாங்குங்கள்.

ரீபவுண்ட், கம்ப்ரஷன், டோக்கன்: இத்தனை திருகு எதற்கு?

ரீபவுண்டை முதலில் முடித்துவிடுங்கள். அமுங்கியது எவ்வளவு வேகத்தில் திரும்புகிறது என்பதுதான் அது. ஒரு நடைபாதை ஓரத்திலிருந்து சீட்டில் உட்கார்ந்தபடியே இறங்குங்கள். பின்பக்கம் அமுங்கி, ஒரு தடவை சற்று மேலே வந்து, அடங்க வேண்டும். இரண்டு மூன்று தடவை ஆடினால் வேகம் அதிகம். சோர்ந்துபோய் மெல்ல எழுந்தால் வேகம் குறைவு. வேகக் குறைவின் ஆபத்து ஒரு மேட்டில் தெரியாது. அடுத்தடுத்து ஐந்து வேர்கள் வந்தால், முதல் வேரில் அமுங்கியது திரும்புவதற்குள் இரண்டாவது வந்துவிடும், ஐந்தாவதில் அசைவே மிச்சமிருக்காது. ஓட்டுபவருக்கு ஷாக் கல்லாக இருப்பதுபோல் தோன்றும். அவர் போய்க் காற்றைக் குறைப்பார், நிலைமை இன்னும் மோசமாகும்.

கம்ப்ரஷன் என்பது ஷாக் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது. அதில் லோ ஸ்பீட் நீங்கள் உண்டாக்கும் அசைவுகளுக்கு: பெடல் மிதி, பிரேக் பிடித்தால் முன்பக்கம் தாழ்வது. ஹை ஸ்பீட் என்பது தரை உண்டாக்கும் அசைவுகளுக்கு. வண்டியின் வேகத்துக்கும் இந்தப் பெயர்களுக்கும் சம்பந்தமில்லை, ஷாக்கின் தண்டு நகரும் வேகம்தான் கணக்கு. ஒரு மாதம் இவற்றை முழுக்கத் திறந்தே விட்டு ஓட்டுவது நல்லது.

டோக்கன் என்பது காற்றறையின் இடத்தை அடைக்கும் பிளாஸ்டிக் துண்டு. தொய்வு சரியாக இருந்தும் கடைசியில் டொக்கென்று இடித்தால் ஒன்று சேருங்கள். எவ்வளவு கடுமையாக ஓட்டினாலும் ஓ-ரிங் கடைசி 10 மி.மீ.யைத் தொடவே இல்லையென்றால் ஒன்று எடுங்கள். இடிப்பதைத் தடுக்கக் காற்றைக் கூட்டுபவர்கள் தொய்வையும் சேர்த்துக் கெடுத்துக்கொள்கிறார்கள்.

ஒரே பாதை, ஒரே நாள், ஒரு திருகு. ஹேண்டில்பாரில் ஒரு துண்டுச் சீட்டை ஒட்டி, முழுக்க மூடிய நிலையிலிருந்து எத்தனை கிளிக் என்று எழுதிக்கொள்ளுங்கள். என்னுடையதில் மளிகைச் சீட்டின் பின்பக்கம்தான் ஒட்டியிருக்கிறது.

உயரம் குறைந்தவர்களுக்கு 29 அங்குலம் சரிப்படுமா?

மூன்றாம் வடிவத்தைப் பாருங்கள். சீட்டை முழுக்க இறக்கி, காற்றில்லாத ஷாக்கைக் கடைசிவரை அமுக்கி, டயருக்கும் சீட்டுக்கும் நடுவே விரல் போகிறதா? போகாவிட்டால் இறக்கத்தில் டயர் உங்களைத் தொட்டுச் சொல்லும். முன்னால் 29, பின்னால் 27.5 போடும் முல்லட் ஏற்பாடு இதற்கு நல்ல தீர்வு, ஆனால் ஃபிரேமில் அதற்கென்று மாற்று லிங்கோ (மூட்டுகளை இணைக்கும் துண்டு) திருப்பிப் பூட்டும் ‘ஃப்ளிப் சிப்’போ இருக்க வேண்டும். வெறுமனே சின்னச் சக்கரத்தைப் போட்டால் பெடல் அச்சு தாழ்ந்து கல்லில் தட்டும்.

கிரீச் கிரீச் என்று சத்தம். எங்கிருந்து என்றே தெரியவில்லை.

சத்தம் ஃபிரேம் குழாய்க்குள் பயணம் செய்யும், காதை நம்பாதீர்கள். எழுந்து நின்று மிதியுங்கள். நின்றுபோனால் சீட் அல்லது சீட் போஸ்ட். மிதிக்காமல் உருளும்போது அமுக்கினால் வருகிறதென்றால் மூட்டு அல்லது ஷாக் புஷ். மிதிக்கும்போது மட்டும் என்றால் பெடல், கிராங்க், பாட்டம் பிராக்கெட். என் அனுபவத்தில் முக்கால்வாசி நேரம் காய்ந்துபோன பின் ஆக்சிலும் சீட் கிளாம்பும்தான். பேரிங்கை மாற்றும்முன் அவற்றைத் துடைத்து கிரீஸ் போடுங்கள்.

மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், எண் பேரிங் மேலேயே இருக்கும். 6902 என்றால் உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, கனம் 7 மி.மீ. எந்தப் பேரிங் கடையிலும் கிடைக்கும். ஆனால் மூட்டுக்கு மேக்ஸ் வகை கேளுங்கள். அதில் குண்டுகளைப் பிரிக்கும் கூடு இல்லாமல் முழுக்கக் குண்டுகளாக நிரப்பியிருக்கும். மூட்டு முழுச் சுற்று சுற்றுவதில்லை, சில பாகைதான் ஆடுகிறது; சாதாரணப் பேரிங்கில் அந்த ஒரே இடத்தில் சில குண்டுகள் மட்டும் பாரம் தாங்கிக் குழி விழுந்துவிடும்.

ஷாக்கை நானே சர்வீஸ் செய்யலாமா?

காற்றறை சர்வீஸைச் செய்யலாம். ஷாக் தயாரிக்கும் ராக்‌ஷாக்ஸ் நிறுவனம் 50 மணி நேரச் சவாரிக்கு ஒரு தடவை என்கிறது. டாம்பருக்குள் (அசைவின் வேகத்தை அடக்கும் எண்ணெய்ப் பகுதிக்குள்) நைட்ரஜன் அழுத்தத்தில் இருக்கும், அதைத் தெரிந்தவரிடம் விடுங்கள். ஒரு எச்சரிக்கை: காற்றை முழுக்கத் திறந்துவிட்ட பிறகும் ஷாக் நீளாமல் அமுங்கியே நின்றால், எதிர் அறையில் காற்று சிக்கியிருக்கிறது. அதைத் திறக்காதீர்கள். மூடி துப்பாக்கிக் குண்டுபோல் வரும்.

கோவையில் சரியாக வைத்த ஷாக் ஊட்டியில் தொளதொளவென்று இருக்கிறது. காற்றுப் போகிறதா?

போகவில்லை. கீழே 35 டிகிரி, மேலே 15 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிரில் காற்றின் அழுத்தம் குறைகிறது. மறுபக்கம், 2,240 மீட்டர் உயரத்தில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் மீட்டர் கூட்டிக் காட்ட வேண்டும். டயரில் அழுத்தம் சின்னது என்பதால் இந்த இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றையொன்று சரிக்கட்டிவிடுகின்றன. 22 வைத்தது அரை பிஎஸ்ஐகூட மாறாது. ஷாக்கில் 160 இருக்கும்போது குளிர் ஜெயிக்கிறது. கணக்குப்படி எட்டு பிஎஸ்ஐ குறையும், 80 வைத்த ஃபோர்க்கில் மூன்று. மேலே போனதும் வண்டியை அரைமணி நேரம் வெளியே நிறுத்தி ஆறவிட்டு, தொய்வை மறுபடி அளந்து அடியுங்கள். அந்த எட்டை கோவை திரும்பியதும் வெளியேவிட வேண்டும்; நான் இரண்டு தடவை மறந்து, பின்பக்கம் கட்டையாக இருக்கிறதே என்று ஒரு வாரம் ரீபவுண்டைத் திருகிக்கொண்டிருந்தேன்.